கல்லைப் படித்த பாதிரியார்

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் சுரங்கங்களில் ஓர் அதிசயம் இருக்கிறது.

வெட்டிய கல்லெல்லாம் சிப்பி! கல்லங்குறிச்சியில் சிமெண்டு ஆலைக்காகத் தோண்டிய பள்ளத்தில், கையகலச் சிப்பிகள் அடுக்கி வைத்தாற்போல் பாறையோடு பாறையாக இறுகிக் கிடக்கின்றன. பெரம்பலூர்ச் சீமையில் காரை என்ற ஊர் இருக்கிறது. அங்கே மழை அரித்த களிமண் மேடுகளில், ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூர் ஓடையில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. அதை 1940-ஆம் ஆண்டில் எம். எஸ். கிருஷ்ணன் என்ற தமிழ்நாட்டு நிலவியல் அறிஞர் உலகுக்குத் தெரிவித்தார்.

அரியலூரிலிருந்து கடற்கரைக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். அப்படியிருக்க, சிப்பியும் சங்கும் இங்கே எப்படி வந்தன?

கடல்தான் இங்கே இருந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த வயற்காடுகளின் மேல் அலை அடித்தது. கடல் பின்வாங்கியபோது தன் பிராணிகளைச் சேற்றில் விட்டுப் போயிற்று. சேறு கல்லாயிற்று, பிராணிகளும் கல்லாயின.

இதே அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம், ஏலாக்குறிச்சி இருக்கிறது. அங்கே இருக்கும் அடைக்கல மாதா கோவில் வீரமாமுனிவர் எழுப்பியது. ஜாதி மத பேதம் இல்லாமல் ஜனங்கள் அங்கே வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

மாதா கோவிலில் மண்டியிட்டு ஜெபிக்கிற ஒரு பையன், மறுநாள் பள்ளிக்கூடத்தில் இந்தச் சிப்பிக் கல்லைப் பற்றிப் படிக்கிறான். உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்று பைபிளின் முதல் ஆகமம் கூறுகிறது. மண்ணிலிருந்து முதல் மனிதன் உருவாக்கப்பட்டான் என்றும் கூறுகிறது. பாடப் புத்தகமோ கோடி கோடியாக ஆண்டுக் கணக்குச் சொல்கிறது. ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிர், அதிலிருந்து மற்றோர் உயிர் என்று கிளைத்து வந்து, கடைசியில் மனிதன் வந்தான் என்கிறது.

எது மெய்? பையன் யாரைக் கேட்பான்?

இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் ஒருவர் இருந்தார். அவர் பாதிரியார், அதே சமயம் உலகம் அறிந்த விஞ்ஞானி. வீரமாமுனிவர் எந்தச் சேசு சபையைச் சேர்ந்தவரோ, அதே சபையைச் சேர்ந்தவர். பிரான்ஸ் தேசத்தில் பிறந்தவர். பெயர் பியேர் தெய்யார் த ஷர்தான். சுருக்கமாக, தெய்யார் பாதிரியார்.

இரும்புக் கடவுள்

பிரான்சின் நடுப்பகுதியில் ஓவேர்ன் என்ற மலைநாடு உண்டு. அவிந்துபோன எரிமலைகள் நிறைந்த சீமை. அங்கே, 1881-ஆம் ஆண்டு மே மாதம் 1-ந்தேதி, வசதியான ஒரு நிலக்கிழார் குடும்பத்தில் தெய்யார் பிறந்தார். பதினொரு குழந்தைகளில் நாலாவது குழந்தை.

தந்தைக்குச் செடி கொடி, பூச்சி, கல் எல்லாம் சேகரிப்பதில் ஆசை. தாய் மகா பக்தி உள்ளவர். மத குருமார்களைக் கிழிகிழியென்று கிழித்து எழுதினாரே வால்டேர், அவருடைய குடும்பத்து வாரிசு அந்த அம்மாள் என்பது வேடிக்கை!

சிறுவனுக்கு ஆறு ஏழு வயதிருக்கும். அழியாத பொருள் ஒன்று வேண்டும் என்று அவன் மனசு தேடியது. ஓர் ஏர்க்கலப்பையின் இரும்புத் துண்டை எடுத்துத் தோட்டத்தில் ஒளித்து வைத்தான். யாரும் பார்க்காத நேரத்தில் போய் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அதுதான் அவனுக்குச் சாமி.

ஒரு நாள் பார்த்தால் இரும்பில் துரு! சிறுவன் புல்லில் விழுந்து அழுதான். இரும்பும் அழியும் என்றால் அழியாதது எது? பிறகு கல்லைத் தேடினான். எரிமலைச் சீமையில் கல்லுக்கா பஞ்சம்? நிலவியல் மாணவர் அன்றே பிறந்துவிட்டார்.

1899-ஆம் ஆண்டு, பதினெட்டு வயது நிரம்புமுன், சேசு சபையில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் துறவற மடங்களைப் பிரெஞ்சு அரசாங்கம் நெருக்கியது. மாணவர்கள் ஜெர்சி என்ற ஆங்கிலேயத் தீவுக்குப் போனார்கள். அங்கே தெய்யாரின் மனத்தில் ஒரு போராட்டம் எழுந்தது. கடவுளுக்கென்று வந்த பிறகு கல்லும் சுத்தியலும் எதற்கு? எல்லாவற்றையும் விட்டுவிடலாமா?

தன்னைப் பயிற்றுவித்த மூத்த குருவிடம் கேட்டார். விட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். கடவுள் கொடுத்த அறிவை வளர்ப்பதும் கடவுள் காரியமே என்பது அவர் கருத்து. அந்தக் குருவின் பெயரை இன்று அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஏடு ஏடாக

எகிப்தில் கெய்ரோ நகரத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று ஆண்டுகள் பௌதிகமும் ரசாயனமும் போதித்தார். இங்கிலாந்தில் வேதசாஸ்திரம் படித்தார். 1911-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே பாரிஸ் அருங்காட்சியகத்தில் கல்லாய்ப்போன எலும்புகளை ஆராயச் சேர்ந்தார்.

கல்லை எப்படிப் படிப்பது? அரியலூர்க் கல்லையே எடுத்துக் கொள்ளலாம்.

கடல் அடியில் சேறு படியும். அதன்மேல் அடுத்த படிவு. அதன்மேல் இன்னொன்று. அடியில் இருப்பது மூத்தது; மேலே இருப்பது இளையது. புத்தகத்தில் ஏடுகள் மாதிரி. அரியலூர், பெரம்பலூர்ப் பாறைகளை அடியிலிருந்து ஒவ்வோர் ஏடாகப் பார்த்துக்கொண்டு வந்தால், அந்த ஆட்டுக்கொம்பு ஓடுகள் ஏட்டுக்கு ஏடு வடிவம் மாறிக்கொண்டே வருகின்றன. ஓர் ஏட்டில் இருந்த இனம் அடுத்ததில் இல்லை. அதன் சாயலில் வேறோர் இனம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே செந்துறைப் பக்கத்து நின்னியூர்ப் பாறை. அதில் ஆட்டுக்கொம்பு ஓடு ஒன்றுகூடக் கிடையாது! சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு உலகம் முழுவதும் அந்த இனம் அற்றுப் போயிற்று. டைனோசர் என்ற ராட்சதப் பிராணிகளும் அப்போதுதான் ஒழிந்தன.

இந்தச் சிப்பிகளை 1840-ஆம் ஆண்டுகளிலேயே ஆங்கிலேய அதிகாரிகள் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு ஸ்டோலிஸ்கா என்ற அறிஞர் கல்கத்தாவில் உட்கார்ந்து, பத்து ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டு, அவற்றுக்குப் பெயரிட்டு, படம் போட்டு, பெரிய பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். டார்வினின் நூல் 1859-ல் வெளிவந்து உலகமே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

தெய்யார் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது டைனோசர்கள் ஒழிந்த பிறகு பெருகிய பிராணிகளை. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் சிறு பிராணிகள். நின்னியூர்ப் பாறைக் காலத்தை அடுத்து வந்தவை. 1922-ல் பாரிஸ் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

இடையில் முதல் உலக யுத்தம் வந்தது. தெய்யார் துப்பாக்கி எடுக்கவில்லை. காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலை செய்தார். வட ஆப்பிரிக்க முஸ்லிம் சிப்பாய்கள் நிறைந்த படை அது. குண்டு மழையில் நுழைந்து காயப்பட்டவர்களைத் தூக்கி வந்தார். வீரப் பதக்கங்கள் கிடைத்தன. இரண்டு சகோதரர்களை அந்த யுத்தம் கொண்டு போயிற்று.

ஆறு வாக்கியங்கள்

கல்லைப் படித்தவருக்குப் பரிணாமத்தில் சந்தேகம் இல்லை. உயிர்கள் மாறி மாறி வந்தன என்பது அவருக்குக் கண்கூடு. கடவுளிடத்திலும் சந்தேகம் இல்லை. அப்படியானால் இரண்டும் எப்படிப் பொருந்தும்?

ஆறு நாள் என்பதில் அவருக்குத் தொல்லை இல்லை. அது நாம் எண்ணும் நாள் அல்ல என்று அர்ச். அகுஸ்தீனார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்று ஆண்டுக் கணக்குப் போட்டவர் அஷர் என்ற அயர்லாந்து ஆர்ச் பிஷப். அது 17-ஆம் நூற்றாண்டுக் கணக்கு. பைபிளில் அப்படி ஒரு எண் இல்லை.

தொல்லை ஆதாமில் வந்தது. ஒரே ஒரு முதல் மனிதன் செய்த பாவம் எல்லாருக்கும் வந்து சேர்ந்தது என்பது திருச்சபையின் போதனை. மனித இனம் கூட்டம் கூட்டமாக மெல்ல மெல்ல உருவாயிற்று என்றால், அந்த ஒரே ஆதாம் யார்? ஏதேன் தோட்டம் எங்கே?

நண்பர்கள் யோசிக்கக் கேட்டதற்காகத் தெய்யார் இதைப்பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். அச்சுக்கு அல்ல. எழுதி மேஜையில் வைத்திருந்தார். அது எப்படியோ ரோமாபுரிக்குப் போய்விட்டது!

மேலிடம் கோபம் கொண்டது. ஆறு வாக்கியங்களை எழுதி, இவற்றை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னது. 1925-ஆம் ஆண்டு அது. பாரிஸ் கத்தோலிக்கக் கல்லூரியில் அவர் நிலவியல் பேராசிரியர். வகுப்பில் மாணவர் கூட்டம் நிரம்பி வழிந்த சமயம்.

சபையை விட்டு வந்துவிடுங்கள் என்று சில நண்பர்கள் தூண்டினார்கள். வந்திருந்தால் பெரிய பதவி காத்திருந்தது, புத்தகங்கள் பிரசுரமாகியிருக்கும். தெய்யார் பல இரவுகள் வேதனைப்பட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். கீழ்ப்படிவேன் என்று கடவுள் முன் வாக்குக் கொடுத்தவர் வாக்கை மீறலாகாது என்பது அவர் முடிவு. ஆனால் பரிணாமம் பொய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இதைக் கோழைத்தனம் என்று பழித்தவர்கள் உண்டு. குண்டு மழையில் நடந்தவரைக் கோழை என்பது பொருந்தாது.

பேராசிரியர் வேலை போயிற்று. 1926-ல் சீனாவுக்குக் கப்பலேறினார். நாடு கடத்தல் என்ற பெயர் இல்லை, காரியம் அதுதான்.

அப்பமும் ரசமும் இல்லாத பூசை

சீனா அவருக்குப் புதிது அல்ல. 1923-லேயே ஓர்டோஸ் பாலைவனத்தில் ஆராய்ச்சிக்குப் போயிருந்தார். சுற்றிலும் மணல். ஒரு திருநாளன்று பூசை செய்ய அப்பம் இல்லை. திராட்ச ரசமும் இல்லை. சூரியன் எழும்பும் நேரம். அப்பத்துக்குப் பதிலாக அன்று உலகம் முழுவதும் மனிதர் செய்யப்போகும் உழைப்பையும், ரசத்துக்குப் பதிலாக அவர்கள் படப்போகும் துன்பத்தையும் கடவுளுக்குக் காணிக்கையாக வைத்தார். அதை ஒரு சிறு நூலாகவும் எழுதினார். அவர் எழுதியவற்றில் மிக அழகானது அதுவே என்று படித்தவர்கள் கூறுகிறார்கள்.

பீக்கிங் நகருக்கு அருகே சூகோடியன் என்ற இடத்தில் குகை ஒன்று தோண்டப்பட்டு வந்தது. 1929 டிசம்பரில் பெய் வென்சுங் என்ற இளம் சீன அறிஞர் அங்கே ஒரு மண்டை ஓட்டைக் கண்டெடுத்தார். அதுவே உலகப் பிரசித்தி பெற்ற பீக்கிங் மனிதன்! குரங்கும் அல்ல, நம்மைப் போன்ற மனிதனும் அல்ல. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஆதி மனிதன். கல் ஆயுதம் செய்யத் தெரிந்தவன். அந்தக் குகை மண்ணின் ஏடுகளைப் படித்து, காலத்தை நிதானித்தவர்களில் தெய்யார் முக்கியமானவர்.

இதற்கு முன்பு அவர் ஒரு மோசடியில் ஏமாந்ததும் உண்டு. இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்ற ஊரில் ஆதி மனிதனின் எலும்பு கிடைத்தது என்று பரபரப்பாகப் பேசினார்கள். 1913-ல் அங்கே ஒரு பல்லை எடுத்தவர் தெய்யார். யாரோ போலி எலும்பைப் புதைத்து வைத்திருந்தார்கள் என்பது 1953-ல்தான் வெளிப்பட்டது. நாற்பது ஆண்டுகள் உலகத்து மேதைகளெல்லாம் ஏமாந்தார்கள்!

நர்மதைக் கரையில்

1935-ஆம் ஆண்டு தெய்யார் இந்தியாவுக்கு வந்தார். டி டெர்ரா, பேட்டர்சன் என்ற இரு அறிஞர்களுடன் ராவல்பிண்டிப் பக்கமும் காஷ்மீரத்திலும் ஆற்றங்கரைகளை ஆராய்ந்தார். நர்மதை நதிக்கும் போனார். பழங்காலத்து யானை, மாடுகளின் எலும்புகளும் மனிதன் செய்த கல் ஆயுதங்களும் ஒரே கரையில் புதைந்திருப்பதைப் பார்த்தார்.

அங்கிருந்து தெற்கே திரும்பவில்லை. ஜாவாத் தீவுக்குப் போய்விட்டார். அரியலூரின் சிப்பிக் கல்லை அவர் தோண்டிப் பார்த்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

நர்மதைக் கரையில் ஹத்னோரா என்ற ஊரருகே, 1982-ல் ஆதி மனிதனின் மண்டை ஓடு ஒன்று அகப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பெட்டியில் கிடந்த புத்தகம்

பீக்கிங்கில் இருந்தபோது, 1938 முதல் 1940 வரை, தன் கருத்துகளையெல்லாம் திரட்டி ஒரு பெரிய நூல் எழுதினார். மனிதன் என்னும் அற்புதத்தைப் பற்றியது.

அதன் சாரம் இதுதான். முதலில் வெறும் மண்ணும் கல்லும். அவை கூடிக் கூடி ஒரு நாள் உயிர் தோன்றிற்று. உயிர் சிக்கலாகிச் சிக்கலாகி, மூளை வளர்ந்து, ஒரு நாள் சிந்தனை தோன்றிற்று. மற்றப் பிராணிக்குத் தெரியும். மனிதனுக்கோ, தனக்குத் தெரியும் என்பதும் தெரியும். இதோடு நின்றுவிடவில்லை. மனிதர்கள் மேலும் மேலும் ஒன்றுகூடி ஓர் உச்சியை நோக்கிப் போகிறார்கள். அந்த உச்சியில் நின்று எல்லாவற்றையும் தன்னிடம் இழுப்பவரே கிறிஸ்து.

சுருங்கச் சொன்னால், கடவுள் ஒரே தடவை உலகத்தைச் செய்து வைத்துவிட்டு ஒதுங்கவில்லை. இன்னும் செய்துகொண்டே இருக்கிறார். பரிணாமம் என்பது அவர் கை வேலை செய்யும் விதம். கல்லங்குறிச்சிச் சிப்பி வேறு, ஏலாக்குறிச்சி ஜெபம் வேறு என்று பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை.

புத்தகத்தை அச்சிட அனுமதி கேட்டார். 1944-ல் மறுத்தார்கள். 1948-ல் ரோமாபுரிக்கே நேரில் போனார். அப்போதும் இல்லை. பாரிசில் மிக உயர்ந்த பேராசிரியர் பதவி ஒன்று வரவிருந்தது. அதை ஏற்கவும் கூடாது என்று உத்தரவு. வயது அறுபத்தேழு. முந்திய ஆண்டுதான் மாரடைப்பு வந்து பிழைத்திருந்தார்.

கீழ்ப்படிந்தார். 1951-ல் நியூயார்க் நகரில் ஆராய்ச்சி வேலைக்குப் போனார். போகுமுன் ஒரு காரியம் செய்தார். அச்சாகாத தன் எழுத்துகளையெல்லாம் தனக்கு உதவியாக இருந்த ழான் மோர்த்தியே என்ற பெண்மணியின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உயிரோடு இருக்கும்வரை உத்தரவை மீறவில்லை. இறந்த பிறகு என்ன ஆகும் என்பதை உத்தரவு சொல்லவில்லை!

ஈஸ்டர் ஞாயிறு

கிறிஸ்து உயிர்த்தெழுந்த திருநாளில் சாக வேண்டும் என்பது தன் ஆசை என்று அவர் நண்பர்களிடம் கூறியதாகச் சொல்வார்கள். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ந்தேதி ஈஸ்டர் ஞாயிறு. காலையில் பூசை கண்டார். மாலையில் நண்பர் வீட்டில் தேநீர் அருந்தப் போனார். அங்கேயே சாய்ந்தார். உயிர் பிரிந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் புத்தகம் பாரிசில் வெளிவந்தது. லட்சக்கணக்கில் விற்றது. பல மொழிகளுக்குப் போயிற்று. ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் ஜூலியன் ஹக்ஸ்லி. டார்வினுக்காக வாதாடிய ஹக்ஸ்லியின் பேரன். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்!

எல்லாரும் புகழ்ந்துவிடவில்லை. மெடவார் என்ற நோபல் பரிசு விஞ்ஞானி, இது விஞ்ஞானமே அல்ல, வெறும் சொல் ஜாலம் என்று 1961-ல் சாடினார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பரிணாமத்துக்கு ஓர் உச்சி உண்டு என்பதை எந்தக் கல்லும் காட்டாது. அது தெய்யாரின் விசுவாசம். தேர்ந்தெடுத்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்று அவர் எழுதிய சில வரிகளும் இன்று படிக்க நன்றாக இல்லை. திருச்சபையும் 1962-ல், இவர் நூல்களை ஜாக்கிரதையாகப் படியுங்கள் என்று எச்சரிக்கை விட்டது.

ஆனால் பரிணாமத்தின் மீதிருந்த கெடுபிடி தளர்ந்துகொண்டே வந்தது. மனித உடலின் தோற்றத்தைப் பற்றி ஆராயலாம், ஆன்மாவை மட்டும் கடவுளே நேராகப் படைக்கிறார் என்று 1950-லேயே போப் 12-ஆம் பத்திநாதர் கூறியிருந்தார். பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-ல் போப் 2-ஆம் அருள் சின்னப்பர் ஒப்புக்கொண்டார். 2023-ல் மங்கோலியாவுக்குப் போன போப் பிரான்சிஸ், அப்பமும் ரசமும் இல்லாத அந்தப் பாலைவனப் பூசையைத் தன் பூசையின் முடிவில் புகழ்ந்து நினைவு கூர்ந்தார். ஆதாமைப் பற்றிய கேள்வியோ இன்னும் தீரவில்லை. வேதசாஸ்திரிகள் இன்றும் வாதாடுகிறார்கள்.

நியூயார்க்குக்கு வடக்கே ஹட்சன் நதிக் கரையில் சேசு சபையாரின் மடம் ஒன்று இருந்தது. அங்கேதான் தெய்யாரை அடக்கம் செய்தார்கள். அன்று மழை. வந்தவர்கள் மிகச் சிலரே. 1970-ல் மடம் கைமாறி, சமையற்கலைக் கல்லூரியாக ஆயிற்று. கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கிறது. வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கற்கள். அவற்றில் ஒன்றில் அவர் பெயர் இருக்கிறது. பிறந்த தேதி, சபையில் சேர்ந்த தேதி, இறந்த தேதி. விஞ்ஞானி என்றோ, நூலாசிரியர் என்றோ எதுவும் இல்லை.